உங்களுக்குத் தெரியுமா? விக்கலை நிறுத்தும் அழகு

● ஸ்பெயினில் கண்ணைப் பறிக்கும் ஒரு மாளிகையையோ மணப்பெண்ணின் உடையையோ பார்த்து அசந்துபோனவர்கள் "கே கித்தா எல் ஈப்போ" என்பார்கள். அந்த அழகு விக்கலையே நிறுத்திவிடுமாம்! நம் வீட்டுப் பாட்டிகளும் விக்கல் எடுக்கும் பிள்ளையிடம் "என் சுருக்குப் பையிலிருந்து காசு எடுத்தியா?" என்று திடீரெனக் கேட்பார்கள். பிள்ளை திடுக்கிடும், விக்கல் நின்றுவிடும். வியப்பும் அப்படியோர் அதிர்ச்சி என்பதைத்தான் ஸ்பானியர் சொல்கிறார்கள். இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் 'பிரெத்-டேக்கிங்', அதாவது மூச்சைப் பறிக்கும் அழகு என்று எழுதிவிடுகிறார்கள். பொருள் சரியாகவே போய்ச் சேர்கிறது. பாட்டி வைத்தியம்தான் வழியில் தங்கிவிடுகிறது.

வியப்பையும் வெற்றியையும் சொல்லும் ஸ்பானிய மரபுத்தொடர்கள் பலவற்றுக்கு இதே கதிதான். ஆங்கிலத்துக்குப் போகும்போது எது தங்குகிறது, எது தொலைகிறது என்று பார்த்தால் ஒரு நாட்டின் கடலும் வயலும் சுரங்கமும் கண்முன் வருகின்றன.

● மெய்சிலிர்த்தால் ஸ்பானியருக்குக் கோழித்தோல், ஆங்கிலேயருக்கு வாத்துத்தோல். நமக்குப் பறவையே வேண்டாம், புல்லரித்தால் போதும்.

● வியப்பில் ஸ்பானியர் வாய் பிளக்கிறார்கள். 'பொக்கியபியெர்த்தோ' என்று அதற்கு ஒரே சொல் உண்டு: வாய் திறந்தவர். ஆங்கிலேயருக்குத் தாடை கீழே விழுகிறது. நாமும் வாயைப் பிளப்போம். ஆனால் மூக்கின்மேல் விரல் வைப்பதும் நமக்கு உண்டு. அதற்கு ஈடான தொடர் ஸ்பானியத்திலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை.

● 'கெதார்ஸே தெ பியெத்ரா' என்றால் கல்லாகிப்போவது. நம் 'சிலையாய் நின்றான்' போலத்தான். நல்ல செய்தியைக் கேட்டும் கல்லாகலாம், கெட்ட செய்தியைக் கேட்டும் கல்லாகலாம். ஆங்கிலத்தில் 'பெட்ரிஃபைட்' என்றொரு சொல் தயாராகக் காத்திருக்கிறது. அதன் வேரும் கல்தான், 'பியெத்ரா'வுக்கு ரத்த உறவு. ஆனால் ஆங்கிலக் கல்லுக்குள் இருப்பது பயம் மட்டுமே. தங்கைக்கு ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் சேர்ந்து பிறந்த செய்தியில் கல்லான ஸ்பானிய அண்ணன், இந்தச் சொல்லைப் போட்டால் ஆங்கிலத்தில் பேயைப் பார்த்தவனாகிவிடுவான்.

● வெற்றிக்கு ஸ்பானியத்தில் என்ன சொல் தெரியுமா? 'எக்ஸித்தோ'. திரையரங்கில் சிவப்பு விளக்கில் நாம் பார்க்கும் 'எக்ஸிட்' என்ற ஆங்கிலச் சொல்லின் உடன்பிறப்பு! இரண்டும் 'வெளியேறுதல்' என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ஸ்பானியத்தில் அது முதலில் ஒரு காரியத்தின் முடிவை, அது நல்லதோ கெட்டதோ, குறித்தது. அதனால் 'நல்ல எக்ஸித்தோ', 'கெட்ட எக்ஸித்தோ' என்று அடைமொழி சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. காலப்போக்கில் அடைமொழி உதிர்ந்தது, நல்ல முடிவு மட்டும் சொல்லில் தங்கியது.

வேடிக்கை இதோடு முடியவில்லை. ஆங்கில 'சக்ஸஸ்' என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும் 'சுசெசோ' ஸ்பானியத்தில் உண்டு. அதற்கு 'நிகழ்வு' என்றுதான் பொருள். ஸ்பெயின் நாளிதழ்களில் 'சுசெசோஸ்' என்ற தலைப்பில் வருபவை கொலை, கொள்ளை, விபத்துச் செய்திகள். அதை 'வெற்றிகள்' என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இன்னொன்று: ஸ்பெயின் மருத்துவர்கள் நோயாளி இறந்ததை மருத்துவக் குறிப்பில் 'எக்ஸிதுஸ்' என்று எழுதுவார்கள். ஒரே லத்தீன் சொல் மேடையில் வெற்றி, வாசலில் வழி, மருத்துவமனையில் மரணம். புதிதாக மொழிபெயர்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சொல்லைத்தான்.

● மெக்சிகோவில் ஒன்று பிரமாதமாக இருந்தால் "கே பாத்ரே!" என்பார்கள். நேர்ப்பொருள்: "எவ்வளவு அப்பா!" 'பாத்ரே' என்பது நமக்கும் தெரிந்த சொல்தான். போர்த்துக்கீசியர் வழியாக வந்து தமிழில் 'பாதிரி' ஆனது. ஆங்கிலத்தில் இதை 'ஹௌ கூல்!' என்று எழுதுகிறார்கள். அப்பா போய்க் குளிர்ச்சி வந்துவிடுகிறது. தமிழிலோ இழப்பே இல்லை: "அடேயப்பா!" ஸ்பானிய உலகமெங்கும் ஒலிக்கும் "மாத்ரே மீயா!" என்பதற்கு 'என் அம்மா' என்று பொருள். ஆங்கிலேயர் 'மை குட்னஸ்' என்று சமாளிக்க, நம்மிடம் "அம்மாடியோவ்!" இருக்கிறது. வியப்பு வந்தவுடன் பெற்றவரைக் கூப்பிடுவதில் நாமும் அவர்களும் ஒன்று.

● ஸ்பானியப் படத்தில் ஒருவர் திகைத்துப்போய் "ஓஸ்த்ராஸ்!" என்று கத்துவார். நேராக மொழிபெயர்த்தால் "சிப்பிகள்!" கடலும் இல்லை, சிப்பியும் இல்லை, எதற்கு இந்தச் சொல்? கத்தோலிக்கத் திருப்பலியில் கொடுக்கும் நற்கருணை அப்பத்துக்கு ஸ்பானியத்தில் 'ஓஸ்தியா' என்று பெயர். தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'ஓஸ்தி' என்பது அதே சொல்லின் வழிதான். ஸ்பெயினில் வியப்பிலும் கோபத்திலும் அந்தப் புனிதச் சொல்லையே கத்துவது ஒரு முரட்டு வழக்கம். நாகரிகம் பார்ப்பவர்கள் பாதி வார்த்தையில் திசைமாறிச் சிப்பியில் போய் நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் 'காஷ்!' என்பதும் கடவுளின் பெயரைச் சொல்லத் தொடங்கி வளைந்த சொல்தான். ஆக, சிப்பிக்குச் சரியான மொழிபெயர்ப்பு 'காஷ்'. ஒரு சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டும் மூலத்துக்கு உண்மையாக இருக்கமுடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

● மிகக் கடினமான, பெரும் செலவு பிடிக்கும் ஒன்றைச் சாதித்துவிட்டவரைப் பார்த்து ஸ்பானியர் சொல்வது: "ஃப்ளாந்தெஸில் ஓர் ஈட்டியை நட்டுவிட்டான்." 'பொனேர் உனா பீக்கா என் ஃப்ளாந்தெஸ்'.

ஃப்ளாந்தெஸ் என்பது அன்று ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்த தாழ்நிலப் பகுதி. இன்றைய பெல்ஜியமும் நெதர்லாந்தும் அதற்குள் அடக்கம். அங்கே எழுந்த கிளர்ச்சி 1568 முதல் 1648 வரை எண்பது ஆண்டுப் போராக நீண்டது. கடல்வழியாகப் படை அனுப்பினால் ஆங்கிலேய, டச்சுக் கப்பல்கள் மறிக்கும். அதனால் வீரர்களைக் கப்பலில் இத்தாலிக்கு அனுப்பி, மிலான் நகரிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வடக்கே நடக்கவைத்தார்கள். ஏறக்குறைய 1,000 கி.மீ. நடை. வழக்கமாக ஆறேழு வாரம் பிடிக்கும். 1567-ல் ஆல்பா பிரபு அந்த வழியில் படை நடத்திப் போனார். 'ஸ்பானியச் சாலை' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. வழியெங்கும் ரொட்டிக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்யவேண்டும். 'பீக்கா' என்பது காலாட்படை வீரர் ஏந்திய, ஐந்து மீட்டர் அளவுக்கு நீண்ட ஈட்டி. அந்த ஈட்டி ஏந்திய ஒரே ஒரு வீரனை ஃப்ளாந்தெஸில் கொண்டுபோய் நிறுத்துவதே அவ்வளவு பெரிய சாதனை!

மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸ் வரைந்த 'பிரெதாவின் சரணடைவு' ஓவியம் இருக்கிறது. 1625-ல் ஸ்பானியப் படை பிரெதா நகரைப் பிடித்த காட்சி அது. வலப்பக்கம் வானத்தை மறைத்துக்கொண்டு செங்குத்தாக நிற்கின்றன ஈட்டிகள். அதனால் மக்கள் அந்த ஓவியத்தையே 'ஈட்டிகள்' என்றுதான் அழைக்கிறார்கள். அதைப் பார்த்தால் மரபுத்தொடர் புரிந்துவிடும்.

ஆங்கிலத்தில்? 'க்வைட் எ ஃபீட்', பெரிய சாதனைதான் என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். அந்தப் போரில் இங்கிலாந்து எதிரணியில் நின்றது. எதிரியின் ஈட்டிக்கு அந்த மொழியில் பழமொழி பிறக்காததில் ஆச்சரியம் இல்லை. நானாக இருந்தால் ஃப்ளாந்தெஸை அப்படியே வைத்து, பக்கத்தில் அரை வாக்கியம் விளக்கம் சேர்ப்பேன். வாசகருக்கு அந்த அளவு பொறுமை உண்டு.

● பெற்ற வெற்றியில் மிதந்து சோம்பிக் கிடப்பதை ஆங்கிலத்தில் வெற்றிமாலைமேல் 'ஓய்வெடுப்பது' என்பார்கள். ஸ்பானியத்தில் அதே மாலைமேல் 'தூங்கிவிடுவது'. ஸ்பானியர் சொன்னதே சரியென்று தோன்றுகிறது.

● 'அசேர் சு அகோஸ்தோ': தன் ஆகஸ்டைச் செய்துகொண்டான். ஒரே வீச்சில் நிறையச் சம்பாதித்தான் என்று பொருள். ஸ்பெயினின் காஸ்டீல் சமவெளியில் கோதுமை களஞ்சியம் சேரும் மாதம் ஆகஸ்ட். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தெஸின் 'லா ஹித்தானியா' கதையிலேயே, 1613-ல், இந்தத் தொடர் திராட்சை அறுவடையோடு சேர்ந்து வருகிறது. சிலர் இதை 'வெயில் அடிக்கும்போதே வைக்கோலைக் காயவை' என்ற ஆங்கிலப் பழமொழியால் பெயர்க்கிறார்கள். அது பிழை. அந்த ஆங்கிலப் பழமொழி நம் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' போன்ற அறிவுரை. ஸ்பானியத் தொடரோ, தூற்றி முடித்து மூட்டை கட்டிவிட்டவனைப் பற்றிய செய்தி. இன்று அதே ஆகஸ்டில் ஸ்பெயின் கடற்கரைகள் விடுமுறைக்கூட்டத்தால் நிரம்பி வழிகின்றன. விடுதிக்காரர்களுக்கும் இப்போது அதுதான் அறுவடை மாதம்.

● காரியம் தடையின்றி நடந்தால் ஸ்பானியருக்கு 'பின்பக்கத்துக் காற்று', 'வியெந்தோ என் போப்பா'. கப்பலின் பின்னணியத்தில் காற்று பிடித்துத் தள்ளுகிறது. ஆங்கிலத்தில் அதே காரியம் 'கடிகாரம்போல' ஓடுகிறது.

● சுமாரான வெற்றிக்கு ஸ்பானியர், "வாணம் விடுகிற அளவுக்கு ஒன்றுமில்லை" என்பார்கள். ஆங்கிலேயர், "வீட்டுக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை" என்பார்கள். ஊர்த் திருவிழாவுக்கெல்லாம் வாணம் விடும் நாடு ஒன்று, பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிய நாடு மற்றொன்று.

● விலைமதிக்க முடியாத ஒன்றை, 'ஒரு பொத்தோசி பெறும்' என்கிறது ஸ்பானியம். பொத்தோசி, இன்றைய பொலிவியாவில் 4,000 மீட்டருக்குமேல் உள்ள நகரம். அங்குள்ள 'செர்ரோ ரீக்கோ', அதாவது பணக்கார மலையில் 1545-ல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. சில பத்தாண்டுகளில் அது உலகின் மிகப்பெரிய நகரங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1615-ல் வந்த, செர்வாந்தெஸின் 'தொன் கிஹோத்தே' நாவலின் இரண்டாம் பாகத்தில், பெருஞ்செல்வத்துக்கு உவமையாகப் பொத்தோசிச் சுரங்கங்கள் பேச்சில் வந்துவிடுகின்றன. அந்த வெள்ளி நம் கரைவரை வந்தது. சோழமண்டலக் கரையில் துணி வாங்க டச்சு, ஆங்கில வணிகர்கள் கொண்டுவந்த வெள்ளியில் ஸ்பானிய அமெரிக்காவின் ரியால் நாணயங்களும் இருந்தன.

அந்த மலையைக் குடைந்தவர்கள் ஆண்டீஸ் மலைப் பழங்குடி மக்கள். 1570-களில் வைசிராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ 'மீத்தா' என்ற கட்டாய உழைப்பு முறையை அங்கே அமைத்தார். முறைவைத்து ஊர்ஊராக ஆண்களைச் சுரங்கத்துக்கு அனுப்பவேண்டும். போனவர்களில் ஏராளமானோர் தூசியிலும் பாதரச நஞ்சிலும் மடிந்தார்கள். 1812-ல் காதிஸ் நகரில் கூடிய ஸ்பானிய நாடாளுமன்றம்தான் அதை ஒழித்துச் சட்டம் செய்தது.

ஆங்கிலத்தில் 'எடைக்கு எடை தங்கம் பெறும்' என்று எழுதினால் மதிப்பு வந்துவிடும், மலை வராது. ஒரு நாட்டின் புகழ்மொழிக்குள் மனித உயிர்கள் புதைந்திருக்கும்போது, அதைப் பளபளக்கும் தங்கமாக மாற்றுவது எனக்கு உவப்பானதல்ல. பொத்தோசி என்ற பெயர் அப்படியே நிற்கவேண்டும்.

● உழைக்காமல் உண்டு களிக்கும் இடத்துக்கு 'ஹௌஹா' என்று பெயர். அது கற்பனை ஊரல்ல. பெருவில் 1534-ல் ஸ்பானியப் படைத்தலைவர் பிஸார்ரோ முதல் தலைநகராக நிறுவிய ஊர். மறு ஆண்டே தலைநகர் லிமாவுக்குப் போய்விட்டது, ஹௌஹா பழமொழியில் தங்கிவிட்டது. 16-ஆம் நூற்றாண்டு நாடகக்காரர் லோபே தெ ருவேதா அதை வைத்து ஒரு குறுநாடகம் எழுதினார். இரண்டு திருடர்கள் ஓர் அப்பாவியிடம், தூங்கினால் கூலியும் உழைத்தால் அடியும் கிடைக்கும் நாடு என்று ஹௌஹாவை வருணித்துக்கொண்டே அவன் சட்டியிலிருந்த சோற்றைத் தின்று தீர்க்கிறார்கள். ஆங்கிலத்தில் 'பாலும் தேனும் ஓடும் நாடு' என்று பெயர்ப்பது வழக்கம். அது கடவுள் வாக்களித்த நாடு. ஹௌஹா திருடர்கள் வாக்களித்தது.

● மாபெரும் வெற்றியோடு ஒருவர் பதவியை விட்டு விலகினால், 'பெரிய வாசல் வழியாகப் போனார்' என்று ஸ்பானிய நாளிதழ்கள் எழுதும். 'புவெர்த்தா கிராந்தே' என்னும் இந்த வாசல் காளைச்சண்டை அரங்கத்தில் இருப்பது. வீரர் சிறப்பாகச் செய்தால் கூட்டம் வெள்ளைக் கைக்குட்டை ஆட்டிப் பரிசு கேட்கும். கொன்ற காளையின் காதுதான் பரிசு. மாட்ரிட்டின் லாஸ் வெந்தாஸ் அரங்கில் இரண்டு காது பெற்றவரைத் தோளில் தூக்கிப் பெரிய வாசல் வழியாகக் கொண்டுபோவார்கள். செவில் நகர அரங்கின் 'இளவரசர் வாசல்' திறக்க மூன்று காது வேண்டும்.

ஸ்பெயினின் கத்தலோனியா பகுதி நாடாளுமன்றம் 2010-ல் காளைச்சண்டையைத் தடைசெய்தது. 2016-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அந்த விளையாட்டை வெறுப்பவர்களும் இந்தத் தொடரைக் கூசாமல் பயன்படுத்துகிறார்கள். 'வெற்றியோடு விடைபெற்றார்' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது காளையின் குருதி மறைந்துவிடுகிறது. இந்த ஓர் இடத்தில் அந்த இழப்பு எனக்கு வருத்தம் தரவில்லை.

● சுலபமான வேலையா? ஆங்கிலத்தில் 'பீஸ் ஆஃப் கேக்'. ஸ்பானியத்தில் 'பான் கொமீதோ', தின்று முடித்த ரொட்டி. கேக்கை இனிமேல்தான் சாப்பிடவேண்டும், ரொட்டியோ ஏற்கெனவே வயிற்றுக்குள். நம் ஊரில் அல்வா சாப்பிடுவது. 'தைப்பதும் பாடுவதும்' என்றும் ஸ்பானியத்தில் ஒன்று உண்டு. ஊசி ஓடும்போதே பாட்டும் ஓடுகிறது என்றால் கைக்கு அந்த வேலை எவ்வளவு பழகியிருக்கும்!

● போனதும் காரியம் முடிந்துவிட்டால், 'வந்ததும் புனிதரை முத்தமிட்டான்' என்பார்கள்: 'யெகார் இ பெசார் எல் சாந்தோ'. திருவிழா நாளில் புனிதரின் திருவுருவத்தை முத்தமிட நீண்ட வரிசையில் நிற்கவேண்டும். நேரே உள்ளே போய் முத்தமிட்டுத் திரும்புவது பெரும் பேறு. ஆங்கிலத்தில் 'முதல் முயற்சியிலேயே' என்று வறண்ட சொற்களில் முடித்துவிடுகிறார்கள். கூட்ட நெரிசலில் கால்கடுக்க நின்று சாமி பார்த்த எந்தத் தமிழ் வாசகருக்கும் இதை விளக்கவே வேண்டாம்.

● தற்செயலாக வெற்றி கிடைத்தால் 'குழல் ஒலித்துவிட்டது' என்பது ஸ்பானிய வழக்கு. இதற்குப் பின்னால் ஒரு கழுதை இருக்கிறது. தெனெரிஃபே தீவில் பிறந்த தொமாஸ் தெ இரியார்த்தே 1782-ல் வெளியிட்ட நீதிக்கதைப் பாடல்களில், புல்வெளியில் யாரோ விட்டுப்போன குழலைக் கழுதை மோந்து பார்க்கிறது. மூச்சுப் பட்டுக் குழல் ஒலிக்கிறது. தான் பெரிய இசைக்கலைஞன் என்று கழுதைக்குப் பூரிப்பு. ஆங்கிலத்தில் 'ஃப்ளூக்' என்ற ஒற்றைச் சொல். அதில் தற்செயல் இருக்கிறது, பூரிப்பு இல்லை. நம் 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை' இன்னும் நெருக்கமானது. இங்கேயும் ஓர் உயிரும் ஒரு பொருளும் சந்திக்கின்றன.

● முட்டை புட்டிங்காக மாறிய கதை தெரியுமா? 'தொன் கிஹோத்தே'யில், சத்திரத்தில் தொங்கிய ஒயின் தோற்பைகளை வாளால் வெட்டித்தள்ளிவிட்டு, அரக்கனைக் கொன்றேன் என்று வெற்றி முழக்கமிடுகிறார் நாயகர். அவருடைய பணியாள் சாஞ்சோ பாவம், முட்டையைப் பொரிக்கும்போது தெரியும் என்கிறான். சத்திரக்காரர் நஷ்டஈடு கேட்கும்போது உண்மை வெளிவரும் என்பது அவன் குறிப்பு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஆங்கிலமாக்கிய பீட்டர் மோட்டோ, முட்டையை எடுத்துவிட்டு, 'புட்டிங்கின் தரம் தின்றால் தெரியும்' என்ற ஆங்கிலப் பழமொழியை வைத்தார். அதனால் அந்தப் பழமொழியே செர்வாந்தெஸ் சொன்னது என்று நம்பிய ஆங்கில வாசகர்கள் உண்டு. மூலத்தில் புட்டிங் வாடையே கிடையாது.

● ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் அபாரமான கால்பந்து வீரரை 'கிராக்' என்பார்கள். ஆங்கிலத்திலிருந்து போன சொல்தான். இன்று அதை அப்படியே ஆங்கிலத்தில் திருப்பிக் கொடுத்தால் போதைப்பொருள் என்று எண்ணிக்கொள்வார்கள். தமிழ்நாட்டுத் தெருவில் சொன்னால் அடி விழும்.

● 'ஃப்ளிப்பார் என் கொலோரெஸ்', வண்ண வண்ணமாகப் பிரமித்துப்போவது. 'ஃப்ளிப்பார்' என்பதும் ஆங்கிலம் தந்த கடன். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் கோபத்தில் வெடிப்பதைக் குறிக்கிறது. கொடுத்த கடன் வேறு நாணயத்தில் திரும்பி வந்திருக்கிறது.

● 'உனோஸ் நாசென் கொன் எஸ்த்ரெயா, ஓத்ரோஸ் எஸ்த்ரெயாதோஸ்' என்பது மொழிபெயர்ப்பாளரைத் திணறடிக்கும் பழமொழி. 'எஸ்த்ரெயா' நட்சத்திரம். 'எஸ்த்ரெயாதோ' என்றால் மோதி உடைந்தது. வாணலியில் உடைத்து ஊற்றிப் பொரித்த முட்டைக்கும் அந்தப் பெயர்தான். சிலர் நட்சத்திரத்தோடு பிறக்கிறார்கள், சிலர் பிறக்கும்போதே நொறுங்கியவர்கள். 'சிலருக்கு அதிர்ஷ்டம், சிலருக்கு இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதினால் உயிரே போய்விடும். தலையில் அடிபட்டவர் ஆங்கிலத்தில் 'நட்சத்திரம் பார்ப்பார்'. 'சிலர் நட்சத்திரத்தின் கீழ் பிறக்கிறார்கள், சிலர் நட்சத்திரம்தான் பார்க்கிறார்கள்' என்று அந்த மொழியில் எழுதலாம். தமிழில் நான் இப்படி எழுதுவேன்: சிலர் பிறக்கும்போதே சுக்கிரன், சிலர் பிறக்கும்போதே சுக்குநூறு.

● ஒன்று மிக அருமையாக நடந்தால் ஸ்பானியத்தில் 'ஆயிரம் அதிசயங்களோடு' நடந்தது என்பார்கள். அதிசயத்துக்கு அவர்கள் சொல் 'மராவியா'. ஆங்கில 'மார்வெல்' அதே லத்தீன் குடும்பம். தென்னமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு மலர்ச்செடி போனபோது ஆங்கிலேயர் அதற்கு 'பெருவின் அதிசயம்' என்று பெயரிட்டார்கள். ஸ்பானிய உலகின் சில பகுதிகளில் அது வெறும் 'மராவியா'. அதன் தாவரவியல் பெயரான 'மிராபிலிஸ்' என்பதற்கும் அதிசயம் என்றே பொருள். அது எந்தச் செடி தெரியுமா? நம் கொல்லையில் மாலையானதும் பூக்கும் அந்திமந்தாரை.

● 'குண்டன் விழுந்துவிட்டான்!' இது ஸ்பெயினில் மகிழ்ச்சிக் கூக்குரல். 'எல் கோர்தோ', அதாவது குண்டன் என்பது கிறிஸ்துமஸ் லாட்டரியின் முதல் பரிசு. முதல் குலுக்கல் நடந்தது 1812 டிசம்பர் 18 அன்று, காதிஸ் நகரில். மீத்தா முறையை ஒழித்த அதே ஆண்டு, அதே ஊர். இப்போது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 22 காலை மாட்ரிட்டில் நடக்கிறது. சான் இல்தெஃபோன்ஸோ பள்ளிப் பிள்ளைகள் எண்களையும் பரிசுத் தொகைகளையும் ராகத்தோடு பாடுகிறார்கள். நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும்.

ஒரு சீட்டின் பத்தில் ஒரு பங்கை 20 யூரோவுக்கு வாங்கலாம். ஒரே எண்ணில் பல சீட்டுகள் அச்சாவதால் ஓர் அலுவலகமோ ஒரு தெருவோ முழுக்கச் சேர்ந்து ஒரே எண்ணை வாங்கும். 2011-ல் வெஸ்கா மாகாணத்தின் சொதேத்தோ என்ற சிற்றூரில் இல்லத்தரசிகள் சங்கம் விற்ற எண்ணுக்குக் குண்டன் விழுந்தான். ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் பணம் வந்தது. பரிசு கிடைக்காதவர்கள் அன்று, "உடம்பு நன்றாக இருக்கிறதே, அது போதும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

ஆங்கிலத்தில் இது 'ஜாக்பாட்'. போக்கர் சீட்டாட்ட மேசையில் பிறந்த சொல் அது. அங்கே ஒருவர் வென்றால் மற்றவர்கள் தோற்கிறார்கள். சொதேத்தோவில் ஊரே சேர்ந்து வென்றது. இந்த வேறுபாட்டை 'ஜாக்பாட்' சொல்லவே சொல்லாது.

● தமிழில் கிடைக்கும் ஸ்பானிய நாவல்களில் பல, ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டவை. அதனால் ஆங்கிலத்தில் புட்டிங் ஆன முட்டை, தமிழிலும் புட்டிங்காகவே வந்து சேரும் ஆபத்து இருக்கிறது. "அடேயப்பா" என்று நேரே வரக்கூடியது 'கூல்' வழியாகச் சுற்றி வருகிறது. மொழிபெயர்க்கும் நண்பர்களே, ஆங்கிலப் பிரதியில் ஒரு மரபுத்தொடர் கண்ணில் பட்டால், அந்த ஒரு வரிக்காவது ஸ்பானிய மூலத்தைத் திறந்து பாருங்கள். 1713-ல் தொடங்கிய ஸ்பானிய மொழி அகாதெமியின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் விக்கலுக்கான 'ஈப்போ'வைத் தேடுங்கள். விக்கலை நிறுத்தும் அழகும் அதே சொல்லின் கீழ்தான் இருக்கிறது.